மருட்கை உறங்கும் நேரம்: கனவின் இயல்பும் திரையில் அதன் உருவும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவாக நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம். பேச்சின் போக்கு மாறாமல் சுருக்கித் திருத்தப்பட்டது.)



யாருடைய நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ, அவரிடம் நேரில் பாடம் கேட்டவன் நான். காலையில் சிலப்பதிகாரம் நடத்துவார். சனிக்கிழமை மாலையில் திரைப்படச் சங்கத்துக்காக 16 எம்.எம். படச்சுருளைத் தாமே மாட்டி ஓட்டுவார். இரண்டும் ஒரே பாடம்தான் என்பார். அந்தச் சொல்லை நம்பித்தான் இன்றைய பொருளை எடுத்துக்கொண்டேன்.

என் தாயார் மறைந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அண்மையில் ஒரு விடியற்காலையில் கனவில் வந்தார். நாங்கள் எப்போதோ விற்றுவிட்ட வீட்டின் திண்ணையில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நொய் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டிருந்தது. தெரு இருக்க வேண்டிய இடத்தில் நான் வேலை பார்த்த கல்லூரியின் நூலகம் இருந்தது. "சாப்பிட்டியாப்பா?" என்றார். "இன்னும் இல்லம்மா" என்றேன். கனவு அவ்வளவுதான். அவர் இறந்துபோனவர் என்பது கனவுக்குள்ளும் எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும், அவர் அங்கே உட்கார்ந்திருந்தது எனக்கு வியப்பாக இல்லை. கண் விழித்த பிறகுதான் வியப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

இந்த உரையில் நான் நிறுவ விரும்புவது ஒன்றே. கனவைக் கனவாக்குவது அதில் தோன்றும் விந்தைக் காட்சி அன்று. அந்த விந்தையைக் கண்டும் வியக்காதிருக்கும் மனம். இதை உணர்ந்த இயக்குநர்களின் படங்களில் கனவு உயிரோடு இருக்கிறது. உணராதவர்களின் படங்களில் புகைதான் இருக்கிறது.

இதைச் சொல்ல நம்மிடமே ஒரு நல்ல சொல் உண்டு. தொல்காப்பியர் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்று மருட்கை, அதாவது வியப்பு. அது பிறக்கும் இடங்களாக அவர் நான்கைச் சொல்கிறார்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். ஒன்று வேறொன்றாக மாறுவதை ஆக்கம் என்று உரைகாரர் விளக்குவர். இந்த நான்கையும் கனவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காணாததைக் காண்கிறோம். சிறியது பெரிதாகிறது, பெரியது சுருங்குகிறது. தெரு நூலகமாகிறது. மருட்கைக்கான நான்கு காரணங்களும் கனவில் நிறைந்து கிடக்கின்றன. மருட்கை மட்டும் பிறப்பதில்லை. இதுதான் கனவின் புதிர். இனி, வரிசையாக ஏழு கருத்துகள்.

1. உறங்கும் மூளையில் விழித்திருப்பது எது?

1951ஆம் ஆண்டின் இறுதியில், சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த யூஜின் அசெரின்ஸ்கி, தம் எட்டு வயது மகனின் தலையில் மின்வாய்களைப் பொருத்தி இரவு முழுவதும் அவன் உறக்கத்தைப் பதிவுசெய்தார். மூடிய இமைகளுக்குள் சிறுவனின் விழிகள் இங்கும் அங்கும் ஓடுவதைக் கருவியின் பேனா காகிதத்தில் கிறுக்கிக் காட்டியது. அவரும் அவருடைய பேராசிரியர் நதானியேல் கிளைட்மனும் 1953இல் இதை வெளியிட்டார்கள். விரைவிழியசைவு உறக்கம் என்று நாம் சொல்வது இதைத்தான். ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒரு முறை இந்தக் கட்டம் வருகிறது. வளர்ந்தவர் உறக்கத்தில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவான நேரத்தை எடுத்துக்கொள்கிறது. மற்றக் கட்டங்களிலும் கனவு உண்டு. ஆனால் நீண்ட, கதைபோல் விரியும் கனவுகள் பெரும்பாலும் இங்கேதான் நிகழ்கின்றன.

அந்த நேரத்தில் உடலின் தசைகள் கட்டுண்டு கிடக்கின்றன. மூளையில் காட்சிக்கான பகுதிகள் சுறுசுறுப்பாக இருக்கின்றன. அச்சம் முதலிய உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா வேகமாக இயங்குகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளையின் பக்கப் பகுதியோ அடங்கிவிடுகிறது. 'இது பொருந்துமா, முன்பு நடந்ததோடு ஒத்துப்போகிறதா' என்று எடைபோடும் வேலை அதனுடையது. காட்சி உண்டு, உணர்ச்சி உண்டு, கேள்வி கேட்பவர் இல்லை. கனவில் நமக்கு அச்சம் குறைவில்லை, அழுகையும் வெகுளியும் உவகையும் குறைவில்லை. மருட்கை மட்டும் உறங்கிவிடுகிறது என்று நான் சொல்வதற்கு உடலில் இருக்கும் அடிப்படை இது.

இதற்கு ஒரு மறுதலைச் சான்றும் உண்டு. சிலர் கனவின் நடுவிலேயே 'இது எப்படி நடக்கும்?' என்று கேட்டுவிடுகிறார்கள். கேட்ட கணமே 'நான் கனவு காண்கிறேன்' என்ற அறிவு வந்துவிடுகிறது. 1975இல் இங்கிலாந்தில் கீத் ஹெர்ன் என்பவரும், அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபெர்ஜும், இப்படிக் கனவுக்குள் தெளிந்தவர்கள் முன்கூட்டிப் பேசிவைத்தபடி விழிகளை அசைத்து வெளியே குறிப்பு அனுப்ப முடியும் என்று காட்டினார்கள். மருட்கை விழித்தால் கனவின் பிடி தளர்கிறது. கனவு நீடிப்பதற்கு வியப்பின்மை எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

2. கண்ணகி ஏன் பாதியில் நிறுத்தினாள்?

திரைக்கு முன் கனவுக்கு இருந்த வழி ஒன்றுதான்: சொல்லுதல். குறளில் கனவுக்கென்றே அமைந்த அதிகாரத்தின் பெயர் கனவுநிலை உரைத்தல். சிலம்பில் கண்ணகி தன் கனவைச் சொல்லும் காதையின் பெயர் கனாத்திறம் உரைத்த காதை. இரண்டிலும் இருப்பது உரைத்தல் என்னும் சொல். கண்டவர் ஒருவர், கேட்பவர் ஒருவர்; நடுவே விழிப்பு என்னும் வாசல்.

கண்ணகி தோழி தேவந்தியிடம் தன் கனவைச் சொல்கிறாள். கணவன் கைப்பிடித்து ஒரு பேரூருக்குள் நுழைந்ததையும், ஊரார் தேளை எடுத்து மேலே போட்டதுபோல் பழி சுமத்தியதையும், கோவலனுக்குத் தீங்கு நேர்ந்ததையும், தான் அரசன்முன் வழக்குரைத்ததையும், அரசனும் ஊரும் கேடுற்றதையும் சொல்லிக்கொண்டே வந்து நிறுத்திவிடுகிறாள். அதன் பிறகு கணவனோடு தான் எய்திய நற்பேற்றைக் கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும் என்கிறாள்.

மாணவனாக இருந்தபோது இந்த இடத்தை அடக்கம் என்று படித்தேன். இப்போது வேறாகப் படிக்கிறேன். மாண்ட கணவனோடு மீண்டும் கூடியது கனவுக்குள் அவளுக்கு இயல்பாக இருந்தது. விழித்திருக்கும் தோழியின் காதுக்குப் போனால் அது நகைப்புக்குரியதாகிவிடும். கனவுக்குள் வியப்பில்லை, உரைக்கும்போது வியப்பும் நகையும் தவிர வேறில்லை என்னும் வேற்றுமையை இளங்கோவடிகள் ஒரு பெண்ணின் தயக்கத்தில் வைத்துவிட்டார். கனவை உரைப்பவர் எல்லோரும் இந்த இடத்தில் தோற்கிறார்கள். சினிமாவுக்குக் கிடைத்த வாய்ப்பு, உரைக்காமல் காட்டுவது. அந்த வாய்ப்பை அது எப்படிப் பயன்படுத்திக்கொண்டது என்று பார்ப்போம்.

3. புகையை விலக்கியும் போதவில்லை

கனவுக் காட்சி என்றதும் திரையின் ஓரங்கள் மங்கும், தரையில் வெண்புகை பரவும், வீணை ஒலிக்கும். இது 'இனி வருவதை நம்பாதே' என்று பார்வையாளருக்குக் கொடுக்கும் எச்சரிக்கை. ஆனால் கனவு காண்பவருக்கு அப்படி எந்த எச்சரிக்கையும் கிடைப்பதில்லை. கனவில் என் தாயார் கையிலிருந்த முறத்தின் பிரம்புக் கட்டு அவிழ்ந்திருந்தது வரை எனக்குத் துலக்கமாகத் தெரிந்தது.

ஆல்பிரட் ஹிட்ச்காக் இதை அறிந்திருந்தார். 1945இல் வந்த 'ஸ்பெல்பவுண்ட்' படத்தின் கனவுக் காட்சியை வரைய ஓவியர் சால்வடோர் டாலியை அழைத்ததற்கு அவர் சொன்ன காரணம், மங்கலான கனவு என்னும் பழைய வழக்கத்தை உடைத்து, நிழல்கள் நீண்டு கூர்மையாக விழும் கனவைக் காட்ட வேண்டும் என்பதே. கண்கள் வரையப்பட்ட திரைச்சீலைகளை ஒருவன் பெரிய கத்தரிக்கோலால் வெட்டுகிறான். முகமில்லாத ஒருவர் நிற்கிறார். புகை போய்விட்டது.

ஆயினும் அந்தக் கனவு நம்மை உள்ளே இழுப்பதில்லை. அதைக் கதாநாயகன் மருத்துவர்களிடம் உரைக்கிறான். அவர்கள் ஒவ்வொரு பொருளாக எடுத்து, இது இன்னதைக் குறிக்கும் என்று விடை சொல்லிக் கொலைகாரனைக் கண்டுபிடிக்கிறார்கள். கனவு, விடுவிக்க வேண்டிய விடுகதையாகிவிடுகிறது. நாமும் வெளியே நின்று வியக்கிறோம். காட்சி கூர்மையாக இருந்தால் மட்டும் போதாது. வியப்பவர் யாரும் அங்கே இருக்கக் கூடாது.

4. கீட்டனின் பெஞ்சும் டூரிங் டாக்கீஸும்

'ஸ்பெல்பவுண்ட்' படத்துக்கு 21 ஆண்டுகளுக்கு முன்பே, பேசாப்படக் காலத்தில், இந்தச் சிக்கலின் மையத்தைத் தொட்டவர் பஸ்டர் கீட்டன். 1924இல் வெளிவந்த 'ஷெர்லாக் ஜூனியர்' படத்தில் அவர் ஒரு திரையரங்கின் ஆபரேட்டர். புரொஜெக்டருக்குப் பக்கத்திலேயே உறங்கிவிடுகிறார். உடலிலிருந்து இன்னொரு கீட்டன் எழுந்து, அரங்கின் நடுவே நடந்து, ஓடிக்கொண்டிருக்கும் படத்துக்குள் ஏறிவிடுகிறார்.

உடனே காட்சி வெட்டப்படுகிறது. தோட்டத்துப் பெஞ்சில் உட்காரப் போகிறார். அதற்குள் அது வண்டிகள் ஓடும் தெருவாகிவிட, மல்லாந்து விழுகிறார். எழுந்து நடந்தால் மலை விளிம்பு. எட்டிப் பார்த்தால் சிங்கங்கள். பிறகு பாலைவனம். மேட்டில் உட்கார்ந்தால் அது கடல் நடுவே பாறை. தண்ணீர் என்று பாய்ந்தால் தலை பனியில் செருகுகிறது. ஒவ்வொரு வெட்டிலும் இடம் மாறுகிறது. அவர் உடல் மட்டும் இம்மியும் நகராமல் அதே நிலையில் தொடர்கிறது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது அவருடைய திகைப்பு. ஒவ்வொரு மாற்றத்திலும் திகைக்கிறார், ஆகவே அவர் இன்னும் கனவுக்குள் முழுமையாகப் போகவில்லை. இதற்குப் பிறகுதான் அவர் உலகின் மிகப் பெரிய துப்பறிவாளராக, மிடுக்கான உடையில், கதைக்குள் நடந்து வருகிறார். அப்போது எதற்கும் திகைப்பதில்லை. வியப்பிலிருந்து வியப்பின்மைக்குப் போவதுதான் கனவுக்குள் நுழைவது என்று ஒரு சொல் பேசாமல் காட்டிவிட்டார்.

அந்தப் படத்தைப் பார்க்கும் போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸ் நினைவுக்கு வரும். தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்காருவோம். இரண்டாம் ஆட்டத்தில் பாதியில் உறங்கிவிடுவேன். உறங்கும்போது கதாநாயகி கிணற்றடியில் அழுதுகொண்டிருப்பாள். விழிக்கும்போது கல்யாணப் பந்தலில் சிரித்துக்கொண்டிருப்பாள். நடுவில் என்ன நடந்தது என்று அம்மாவிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. விட்ட இடமும் தொட்ட இடமும் தாமே ஒட்டிக்கொண்டன. இடமும் காலமும் ஒரு வெட்டில் மாறுவதை நாம் ஏன் இவ்வளவு எளிதாக ஏற்கிறோம் என்று வியந்த அமெரிக்கப் படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச், இரவுதோறும் கனவில் நாம் அதற்குப் பழகியிருப்பது காரணமாகலாம் என்று எழுதியிருக்கிறார். எனக்கு அதில் ஐயமே இல்லை.

5. அச்சம் உண்டு, வியப்பில்லை: பெர்க்மனும் ராயும்

இங்மார் பெர்க்மனின் 'வைல்டு ஸ்ட்ராபெர்ரிஸ்' 1957இல் வந்தது. பட்டம் பெறப் புறப்படும் முதிய மருத்துவர் ஐசக் போர்க் விடியலில் ஒரு கனவு காண்கிறார். ஆளரவமற்ற தெரு. வெயில் சுவர்களைச் சுண்ணாம்பாக வெளுக்கச் செய்கிறது. கடிகாரத்தில் முட்கள் இல்லை. தம் சட்டைப்பைக் கடிகாரத்தை எடுக்கிறார். அதிலும் முட்கள் இல்லை. இதயத் துடிப்பு மட்டும் கேட்கிறது. ஓட்டுநர் இல்லாத சவவண்டி ஒன்று வருகிறது. அதன் சக்கரம் விளக்குக் கம்பத்தில் மாட்டி முறிகிறது. பெட்டி சரிந்து விழுகிறது. உள்ளேயிருந்து ஒரு கை அவர் கையைப் பற்றி இழுக்கிறது. முகத்தைப் பார்க்கிறார். அது அவர் முகம்.

அந்த முதியவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைக்கும் இடத்தைக் கூர்ந்து பாருங்கள். அஞ்சுகிறார். ஆனால் 'முட்கள் எங்கே போயின' என்று தேடுவதில்லை. அச்சமும் மருட்கையும் வெவ்வேறு மெய்ப்பாடுகள் என்று தொல்காப்பியர் பிரித்ததன் அருமை இங்கே விளங்குகிறது.

சத்யஜித் ராயின் 'நாயக்' 1966இல் வெளிவந்தது. விருது பெற ரயிலில் தில்லிக்குப் போகும் திரை நட்சத்திரம் அரிந்தமாக உத்தம் குமார். கனவில் ரூபாய்த் தாள்கள் குன்று குன்றாகக் கிடக்கின்றன. அவற்றின் நடுவே மகிழ்ச்சியோடு நடக்கிறான். எலும்புக் கைகள் தொலைபேசிகளை ஏந்தி முளைத்து நிற்கின்றன. பணம் புதைமணலாகிறது. அவனுக்கு நடிப்புக் கற்றுத்தந்து, சினிமா வேண்டாம் என்று தடுத்து, இறந்தும்போன சங்கர்தா அங்கே நிற்கிறார். அவன் கதறி அழைக்கிறான். அவர் காப்பாற்றவில்லை. உவகை, அச்சம், அழுகை எல்லாம் அந்த ஒரு கனவில் இருக்கின்றன. இறந்தவர் எப்படி வந்தார் என்ற கேள்வி மட்டும் இல்லை.

6. கனவு காண்பவர் பார்வையாளராகும்போது

இன்னும் ஒரு படி உண்டு. பாத்திரத்தின் வியப்பை மட்டுமன்றி நம் வியப்பையும் உறங்கவைப்பது. லூயி புனுவெலின் 'த டிஸ்க்ரீட் சார்ம் ஆஃப் த பூர்ஷ்வாசி' (1972) படத்தில் சில நண்பர்கள் விருந்துக்கு உட்காருகிறார்கள். திடீரென்று திரைச்சீலை உயர்கிறது. அவர்கள் நாடக மேடையில் இருக்கிறார்கள், எதிரே பார்வையாளர் கூட்டம். ஒருவர் விழித்துக்கொள்கிறார்: கனவு. அவர் எழுந்து விருந்துக்குப் போகிறார். அங்கே விபரீதம் முற்றும்போது இன்னொருவர் விழிக்கிறார்: முன்னதும் சேர்த்து அவருடைய கனவு. எந்த நுழைவாயிலிலும் புகை இல்லை, இசை இல்லை. ஏமாந்தவர் நாம்தான், ஏனென்றால் நாமும் கேள்வி கேட்கவில்லை.

இந்த இடத்தில் நம் தமிழ்ப் படங்களின் கனவுப் பாடலை மதிப்போடு நினைக்க வேண்டும் என்று வேண்டுகிறேன். தெருமுனையில் இருவர் கண்கள் சந்திக்கின்றன. அடுத்த நொடி பனிமலை. சரணத்துக்குச் சரணம் உடை மாறுகிறது. பாட்டு முடிந்தால் மீண்டும் அதே தெருமுனை. அவர்கள் எப்படிப் போனார்கள் என்று எந்தக் கொட்டகையிலும் யாரும் கேட்டதில்லை. இதைப் பகுத்தறிவின் குறை என்று சொல்வோர் உண்டு. பல தலைமுறைகளாக ஒரு மக்கள்கூட்டம் விழித்துக்கொண்டே கனவின் இலக்கணத்தைப் பயின்றிருக்கிறது என்று நான் சொல்வேன். இங்குள்ள ஆய்வு மாணவர் ஒருவராவது இதை முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டால் மகிழ்வேன்.

லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'நண்பகல் நேரத்து மயக்கம்' (2022) இந்த இலக்கணத்தைத் திருப்பிப் போட்ட படம். வேளாங்கண்ணியிலிருந்து கேரளம் திரும்பும் பேருந்தில் உண்ட மயக்கத்தில் உறங்கும் ஜேம்ஸ் (மம்மூட்டி) விழித்ததும் பேருந்தை நிறுத்தச் சொல்லி இறங்குகிறார். வயல் வழியே நடக்கிறார். காணாமல்போன சுந்தரமாக ஒரு தமிழ்ச் சிற்றூரின் வீட்டுக்குள் நுழைகிறார். தேநீரில் சர்க்கரை அதிகம் என்று குறைசொன்ன அதே வாய் இப்போது சர்க்கரை போதவில்லை என்கிறது. ஊரே திகைத்து நிற்கிறது, அவருக்குத் திகைப்பில்லை. கண் தெரியாத முதிய தாய்க்கும் இல்லை. கனவா பித்தா என்று படம் சொல்வதில்லை. வியக்காதவர் கனவுக்குள் இருக்கிறார், வியப்பவர் வெளியே இருக்கிறார் என்பதை மட்டும் அசையாத கேமரா அமைதியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

7. திரை கனவுக்குத் திருப்பிக் கொடுத்தது

கடன் ஒருவழிப்பட்டதன்று. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் பலரும் தங்கள் கனவுகள் கறுப்பு வெள்ளையில் வருவதாகச் சொன்னார்கள். வண்ணப்படம் பெருகிய பிறகு கனவுக்கும் வண்ணம் வந்துவிட்டது. 2002இல் எரிக் ஷ்விட்ஸ்கேபெல் என்னும் மெய்யியலாளர் இதை ஆராய்ந்து, மாறியது கனவா, கனவைப் பற்றி நாம் சொல்வதா என்று கேட்டார். கண்ணகியின் தயக்கம் அங்கேயும் நிற்கிறது: நம்மிடம் இருப்பது எப்போதும் உரைத்த கனவு; உரைக்கும் மொழியை இப்போது திரை தந்துகொண்டிருக்கிறது.

நிறைவாக ஒரு படம். அகிரா குரோசவாவின் 'ட்ரீம்ஸ்' (1990) எட்டுக் கனவுகளால் ஆனது. 'சுரங்கப்பாதை' என்னும் கனவில், போர் முடிந்து ஊர் திரும்பும் படைத்தலைவர் ஒரு சுரங்கப்பாதையைக் கடந்து வெளியே வருகிறார். பின்னால் பூட்ஸ் காலடி கேட்கிறது. நீலம் பாய்ந்த முகத்தோடு ஒரு சிப்பாய் வந்து நிற்கிறான். தான் வீட்டுக்குப் போனதையும் அம்மா செய்த பலகாரத்தைத் தின்றதையும் சொல்கிறான். அது நீ குண்டடிபட்டு மயங்கியபோது கண்ட கனவு, நீ என் கையில்தான் இறந்தாய் என்று தலைவர் அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. தொலைவில் தெரியும் விளக்கைக் காட்டி, அதுதான் எங்கள் வீடு, அப்பாவும் அம்மாவும் இன்னும் எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்கிறான் அவன். பிறகு திரும்பி இருளுக்குள் போகிறான். அவனைத் தொடர்ந்து மாண்ட படையணி முழுவதும் அணிவகுத்து வந்து, ஒருவரும் சாகவில்லை என்று அறிக்கை தருகிறது. திரும்பிச் செல்லுமாறு அவர்களுக்கு ஆணையிடுகிறார் அவர்.

இறந்தவர்கள் வியக்கவில்லை. வியக்கத் தெரிந்த ஒருவர், உயிரோடு இருப்பவர், அவர்களுக்கு உண்மையைச் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. அந்தக் கொடுமையை நினைக்கும்போதுதான் என் கனவின் கருணை எனக்குப் புரிகிறது. திண்ணையில் அமர்ந்து அரிசி புடைத்த தாயிடம் 'நீ எப்படி வந்தாய்' என்று நான் கேட்டிருந்தால் கனவு அங்கேயே கலைந்திருக்கும். கேட்காததால்தான் சாப்பிட்டாயா என்று அவர் கேட்டது என் காதில் விழுந்தது.

மருட்கை உறங்கும் அந்தச் சிறு நேரத்தில்தான் இழந்தவர்கள் நம் வீட்டுக்கு வந்துபோகிறார்கள். அந்த நேரத்தைக் குலைக்காமல் திரைக்குக் கொண்டுவருவதே கனவைப் படமெடுப்பது. காலையில் சிலம்பும் மாலையில் சினிமாவும் ஒரே பாடம் என்ற என் ஆசிரியரின் சொல்லை, அவர் பெயரால் நடக்கும் இந்த மேடையில் ஒரு மாணவனாக மீண்டும் ஒப்பித்துவிட்டேன்.